மேடையில் பார்த்த கிட்டார் எது? நேரில் கேட்பதா, படத்தை வைத்துத் தேடுவதா, கடைக்குப் போவதா

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் எனக்கு வாட்ஸாப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணே, நேத்து மேடையில வாசிச்சாரே, அது என்ன கிட்டாரு?" கூடவே ஒரு படம். பாடகர் நடுவில் தெளிவாக இருப்பார், கிட்டார் ஓரத்தில் சிவப்பு விளக்கில் மூழ்கி, பாதி கைக்குப் பின்னால் மறைந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண மண்டபத்திலும் கோயில் பந்தலிலும் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த முறை கேட்டது என் தங்கச்சி மகன். செம்பனை ஆலையில் வேலை, ஒரு வருஷமாகச் சேர்த்து 1,500 வெள்ளி (ரிங்கிட்) வைத்திருக்கிறான், ஸ்பீக்கரில் செருகி வாசிக்கிற மாதிரி ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வெளியூர்க் குழு ஒன்று இரண்டு இரவு வாசிக்க வந்திருந்தது. அதில் ஒருவர் கையிலிருந்த கிட்டாரில் நடுவில் வட்டத் துளையே இல்லை. மேல் தோள்பக்கம் சின்னச் சின்னத் துளைகள், அவற்றைச் சுற்றி இலை இலையாக மர வேலைப்பாடு. முதல் இரவு முடிந்து வீட்டுக்கு வந்தவன் தூங்கவே இல்லை. போய்க் கேட்கலாமா, கூகுளில் படத்தைப் போடலாமா, குழுவில் கேட்கலாமா, சனிக்கிழமை ஈப்போவுக்குப் போய்க் கடையில் விசாரிக்கலாமா என்று காலை ஏழு மணிக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

ஒன்று, எவ்வளவு ஆழமான விடை கிடைக்கும். "டெய்லர்" என்று நிறுவனத்தின் பெயரை மட்டும் தெரிந்துகொள்வது பாதி விடைகூட இல்லை. 214சிஇ என்பதும் டெய்லர்தான், 814சிஇ என்பதும் டெய்லர்தான், தூரத்திலிருந்து பார்த்தால் உருவம் ஒன்று. முதல் எண் எந்த வரிசை என்று சொல்கிறது, கடைசி எண் உடலின் வடிவத்தைச் சொல்கிறது. அந்த 2-க்கும் 8-க்கும் நடுவில் விலை பல மடங்கு ஏறிவிடும், மரமும் வேறு. யமஹாவிலும் அப்படித்தான்: எஃப்310-இன் மேல்பலகை ஒட்டுப்பலகை, எஃப்ஜி800-இன் மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம். பெயர் மட்டும் தெரிந்து கடைக்குப் போனால் தவறான கிட்டாரோடு திரும்பி வர எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இரண்டு, அந்த வழிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது. சில வழிகளுக்கு ஒரு மாசம் கழித்தும் நேரம் உண்டு, சிலவற்றுக்கு லாரியில் சாமான் ஏற்றி முடிக்கிற வரைக்கும்தான்.

மூன்று, செலவு. பெட்ரோல், டேட்டா, அரை நாள் சம்பளம், அப்புறம் தவறான விடையை நம்பி வாங்கினால் வருகிற செலவு. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான்காவதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். அந்த வழி, நீங்கள் கேட்ட ஒலியைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? பந்தலில் உங்கள் காதுக்கு வந்தது கிட்டாரின் ஒலி மட்டும் இல்லை. கம்பிகள் முடியும் மரத்துண்டின் (பிரிட்ஜின்) அடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் ஒன்று, அதற்குமேல் அதைக் கூட்டித் தரும் பிரீஆம்ப், நடுவில் ஒலியை மாற்றும் பெடல், மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் ஏற்றியிறக்கிய பேஸ், எதிரொலி, கடைசியில் ஸ்பீக்கர். புதுக் கம்பி மாட்டி இரண்டு நாள் ஆன கிட்டாரும் ஆறு மாசக் கம்பியோடு இருக்கும் அதே கிட்டாரும் வேறு வேறு மாதிரி பாடும். கிட்டாரின் பெயரை மட்டும் கண்டுபிடித்து, அந்த ஒலியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிக் காசைக் கொட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன்.

வழி 1: இறங்கியதும் நேரே போய்க் கேட்பது

நான்கு அளவிலும் இதுதான் முதலில் நிற்கிறது. செலவு எதுவும் இல்லை, விடை உரியவர் வாயிலிருந்தே வரும், ஒலியைப் பற்றியும் கேட்கலாம். வாசிப்பவர்களுக்குத் தங்கள் கிட்டாரைப் பற்றிப் பேசுவது பிடிக்கும், என்னிடம் யாராவது கேட்டால் நான் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவேன்.

நேரம் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான். பாட்டுக்கு நடுவில் மேடையோரம் நின்று கத்தாதீர்கள். கடைசிப் பாட்டு முடிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது போங்கள், முடிந்தால் ஒரு ஸ்டாண்டைத் தூக்கிக் கொடுங்கள். விலையை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், தொடுவதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். "அண்ணே, என்ன மாடல்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் நான் மேலே சொன்ன பாதி விடைதான் கிடைக்கும். முழு மாடல் பெயர் என்ன, பிக்கப் கூடவே வந்ததா அப்புறம் மாட்டினதா, எந்தக் கம்பி, நடுவில் பெடல் ஏதும் இருந்ததா, இந்த நான்கையும் கேளுங்கள். துளைக்குள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் போன் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். மாடலும் வரிசை எண்ணும் பெரும்பாலும் அங்கே இருக்கும், மார்ட்டின், டெய்லர் போன்றவற்றில் கழுத்து உடலோடு சேரும் கட்டையிலும் பொறித்திருப்பார்கள். கேட்டதை அங்கேயே நின்று போனில் எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 12 என்பது 21 ஆகிவிடும்.

மறைந்திருக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. கிட்டார் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம், ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர் கொண்டுவந்ததாகவோ தம்பியிடம் இரவல் வாங்கியதாகவோ இருக்கலாம். நல்ல வாசிப்பாளர்கள் சிலருக்கே தங்கள் கிட்டாரின் மாடல் எண் நினைவில் இருப்பதில்லை. அப்புறம் எல்லோராலும் போய்க் கேட்கவும் முடியாது. என்னிடம் படிக்கும் நான்காம் படிவப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத ஆண்கள் கூடியிருக்கும் மேடைப் பின்பக்கம் அவளைப் போகச் சொல்ல மாட்டேன், அண்ணனோ அப்பாவோ கூட இருந்தால் சரி. அவளுக்கு ஏற்றது அடுத்த வழி.

வழி 2: படம் எடுத்து நாமே பிரித்துப் பார்ப்பது

இதில் எனக்குத் தனி ஆசை உண்டு. பொறுமை இருந்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாம், கூட்டத்தில் பின்னால் நின்றவருக்கும் இது முடியும். நீங்கள் எடுத்த காணொளி சரியில்லை என்றால் பக்கத்தில் நின்றவர் எடுத்திருப்பார், கோயிலின் முகநூல் பக்கத்தில் யாராவது நேரலை போட்டிருப்பார்கள். படத்தைவிடக் காணொளி நல்லது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், அவர் திரும்பும் ஒரு நொடியில் பக்கவாட்டும் தெரிந்துவிடும்.

எல்லோரும் தலையைத்தான் பார்க்கிறார்கள், அதாவது டியூனர்கள் இருக்கும் மேல் பகுதியை. பார்க்க வேண்டியதுதான். திறந்த புத்தகத்தை நிறுத்திவைத்த மாதிரி மேல் விளிம்பு இருந்தால் கிப்சன் சாயல். நேர்ப்பக்கங்களோடு பலகை மாதிரி சதுரமாக இருந்தால் மார்ட்டின் சாயல், அந்த நிறுவனம் 1833-இல் தொடங்கியது, லோகோவிலேயே அந்த வருஷத்தை எழுதியிருப்பார்கள். மூன்று இசைக்கவைகள் குறுக்கே வைத்த சின்னம் யமஹா. மேலே போகப் போகக் குறுகி ஒல்லியாக இருந்தால் கனடாவின் சீகல். ஆனால் தலையின் வடிவத்தையும் லோகோவையும் போலப் பொய் சொல்லும் இடம் கிட்டாரில் வேறு எதுவும் இல்லை. இணையத்தில் லோகோ ஒட்டிகள் தனியாகவே விற்கின்றன. சிலர் விளம்பரம் வேண்டாம் என்று கறுப்பு டேப்பு ஒட்டி மறைத்தும் விடுகிறார்கள்.

அதனால் நான் முதலில் பார்ப்பது பிரிட்ஜ், கம்பிகள் உடலில் போய் முடியும் அந்த மரத்துண்டு. அதன்மேல் கம்பிகள் ஏறி நிற்கும் வெள்ளை எலும்புக்குப் பெயர் சேடில். அது ஒரே துண்டாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்திருந்தால் என் முதல் சந்தேகம் ஜப்பானின் தகாமினே மேல் போகும், வட அயர்லாந்தின் லோடனிலும் அப்படி உண்டு. கம்பியின் முனையை அமுக்கிப் பிடிக்கும் ஆறு குமிழ்ப் பின்கள் இருக்கின்றனவா, இல்லையா? லோடன், ஓவேஷன் இவற்றில் பெரும்பாலும் இருக்காது, பிரீட்லவ், தகாமினே இவற்றிலும் பின் இல்லாத மாடல்கள் உண்டு. மீசை மாதிரி இருபக்கமும் வளைந்த பெரிய பிரிட்ஜ், கூடவே அகன்ற உடல், துளைக்குப் பக்கத்தில் பூவேலைப்பாடு போட்ட காப்புத் தகடு (பிக்கார்ட்) இருந்தால் அது கிப்சனின் ஜே-200 அல்லது அதைப் பார்த்துச் செய்தது.

அடுத்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். பல டெய்லர்களில் கழுத்துக்குப் பக்கத்தில் மேல் தோளில் மூன்று சின்னக் குமிழ்கள் வரிசையாக இருக்கும், அது நல்ல அடையாளம். பக்கவாட்டில் சதுரப் பெட்டி மாதிரி பிரீஆம்ப் இருந்து அதில் ஃபிஷ்மன் என்று எழுதியிருந்தால் அதை வைத்துக் கிட்டார் எந்த நிறுவனத்தினுடையது என்று முடிவு செய்யாதீர்கள், பல நிறுவனங்கள் அதே பெட்டியை வாங்கித் தங்கள் கிட்டாரில் பொருத்துகின்றன.

துளையின் வடிவம் இன்னும் வேகமாக வழி காட்டும். முட்டை வடிவத் துளையும் ஒல்லியான உடலும் என்றால் யமஹா ஏபிஎக்ஸ் வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம். துளையே இல்லை, நைலான் கம்பி, உடல் மெல்லியது என்றால் கோடின் மல்டியாக்கைத் தேடிப் பாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் ஊளைச் சத்தம் வராமலிருக்கப் பலர் வட்டத் துளையைக் கறுப்பு ரப்பர் மூடியால் அடைத்துவிடுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் துளை இல்லாத கிட்டார் என்றே தோன்றும். அதேபோல நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு விளக்கில் வெளிர்ப் பலகையும் மஹோகனி ஆகிவிடும்.

இந்த வழிக்கு ஆகும் செலவு நேரம்தான், இரண்டு மூன்று இரவு போகும். விடை பெரும்பாலும் நிறுவனம், வரிசை என்ற மட்டத்தில் நின்றுவிடும், கடைசி எண்வரை போகாது. ஒலியைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லாது. ஆனால் அடுத்த மூன்று வழிகளுக்கும் இதுதான் அடித்தளம், பிரிட்ஜ் தெரிகிற ஒரு நல்ல படம் இல்லாமல் எந்தக் குழுவும் எந்தக் கடைக்காரரும் உங்களுக்கு உதவ முடியாது.

வழி 3: கூகுள் லென்ஸ் மாதிரி படத்தேடல்

ஐந்து நொடியில் விடை வந்துவிடும். ஆனால் அது உங்கள் கிட்டாரை அடையாளம் காண்பதில்லை, உங்கள் படத்தைப் போலத் தோற்றமுள்ள வேறு படங்களைத் தேடித் தருகிறது. பிரபலமான, வித்தியாசமான வடிவம் என்றால் நன்றாகவே வேலை செய்யும். சாதாரண பெரிய உடல் கிட்டார் என்றால் பயன் ரொம்பக் குறைவு. இப்போது கடைகளில் பாதிக்குமேல் தொங்குவது டிரெட்நாட் வடிவம், 1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை வைத்து, 1916-இல் மார்ட்டின் நிறுவனம் வேறொரு கடைக்காகச் செய்யத் தொடங்கிய வடிவம் அது, அதற்கப்புறம் உலகத்தில் எல்லோரும் அதையே செய்கிறார்கள். அந்த உருவத்தைத் தேடினால் நூறு கிட்டார் வரும்.

விடையாக வருவது பெரும்பாலும் விற்பனைப் பக்கம் என்பது இன்னொரு ஆபத்து. நான் விழுந்த குழி அதுதான். சில வருஷங்களுக்கு முன் தைப்பிங்கில் ஒரு கல்யாண விருந்தில் ஒரு கிட்டாரைக் கேட்டு மயங்கிப்போய், தலையை மட்டும் படம் எடுத்துத் தேடினேன், திறந்த புத்தக வடிவம் தெரிந்தது, பெரிய பெயர் ஒன்று வந்தது, அதே பெயரில் பழைய கிட்டார் ஒன்று இணையத்தில் 1,400 வெள்ளிக்கு வந்திருந்தது. அன்று இரவே பணம் அனுப்பிவிட்டேன். வந்த கிட்டாரின் லோகோ மூன்றாவது மாசம் ஓரத்தில் உரிந்தது. உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தால் லேபிள் இல்லை, முழுக்க ஒட்டுப்பலகை. விற்றவர் பதில் பேசவில்லை. அதைவிட மனசு வலித்தது அப்புறம்: அந்தக் கல்யாணத்தில் வாசித்தவரை ஒரு வருஷம் கழித்து ஈப்போவில் சந்தித்தேன், கேட்டேன், அவர் வைத்திருந்தது வேறு நிறுவனத்தின் கிட்டார், அந்தத் தலை வடிவத்தைப் பார்த்துச் செய்த பழைய ஜப்பான் தயாரிப்பு. அன்றைக்கே இருபது அடி நடந்து போய்க் கேட்டிருந்தால் 1,400 வெள்ளி என் கையில் இருந்திருக்கும்.

படத்தேடலைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நான்கு பெயர் கிடைக்கும், அவற்றை வழி 2-இல் சொன்ன மாதிரி பிரிட்ஜ், குமிழ், துளை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள்.

வழி 4: குழுவில் கேட்பது

வாசிப்பவர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவோ முகநூல் குழுவோ இருந்தால் நல்லது, அதே மேடையில் வாசித்தவரின் நண்பர் அங்கேயே இருப்பார், நம் பேராக் வட்டாரத்தில் இசைக்குழுக்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்தான். அப்படி நடந்தால் வழி 1-க்குச் சமமான விடை வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்கும். நிகழ்ச்சி முடிந்து மாசக்கணக்கில் ஆகிவிட்டால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் குழுவில் யார் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். "இது மாதிரி ஒண்ணு என்கிட்ட இருக்கு, வேணுமா?" என்று தனியாகச் செய்தி அனுப்புபவரிடம் கவனம். "என்ன கிட்டார் இது?" என்று மட்டும் கேட்காமல், எங்கே எந்தத் தேதியில் வாசித்தது, பின் இருந்ததா, துளை எப்படி என்று நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். பெயர் சொல்பவரிடம் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்தவர் உடனே காரணம் சொல்வார்.

வழி 5: ஈப்போ கடைக்குப் போவது

இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, பெட்ரோல் ஐந்தாறு வெள்ளி, அப்புறம் அரை நாள். கிட்டார் மட்டும் விற்கும் சின்னக் கடைகளில் பல வருஷமாகப் பழுது பார்க்கும் தவுக்கே (கடை முதலாளி) ஒருவர் இருப்பார், அவர் பிரிட்ஜைப் பார்த்தே எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லிவிடுவார். இதன் பெரிய பலம், பெயரோடு நிற்காமல் எடுத்து வாசித்தும் பார்க்கலாம்.

ஆனால் கடைக்காரருக்கு விற்க வேண்டும், அது அவர் தொழில். நீங்கள் கேட்டது அவரிடம் இல்லை என்றால் "அது மாதிரியேதான்" என்று வேறொன்று கைக்கு வரும். அது மோசமானது என்று சொல்லவில்லை, சில நேரம் நல்லதாகவே இருக்கும், ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. இன்னொன்று, குளிரூட்டிய கடையில் வாசித்த கிட்டாரைத் தகரக் கூரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நிலைமை மாறும். முழு மரக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் அது 80-ஐத் தாண்டும். மேல்பலகை உப்பும், கம்பி உயரும், விரல் வலிக்கும், சரிசெய்யக் கூலி கொடுக்க வேண்டும். பைக்குப் பதிலாகப் பெட்டி வாங்கி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வைக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகை உடல் அந்த வகையில் தாங்கும், அதைக் கேவலமாகப் பேசுபவர்கள் பேசட்டும்.

காசு செலவழிக்கத் தயாராகிவிட்டால் இந்த வழியைத் தவிர்க்கவே கூடாது. வெறும் பெயர் தெரிந்தால் போதும் என்றால் அரை நாளை இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

| வழி | விடை எவ்வளவு ஆழம் | செலவு | ஒலி பற்றி | யாருக்கு |
|---|---|---|---|---|
| நேரில் கேட்பது | முழு மாடல் வரை | இல்லை, கூச்சம் மட்டும் | தெரியும் | அங்கேயே இருப்பவருக்கு |
| நாமே பிரித்துப் பார்ப்பது | நிறுவனம், வரிசை | இரண்டு மூன்று இரவு | தெரியாது | நெருங்க முடியாதவருக்கு |
| படத்தேடல் | சாயல் மட்டும் | நம்பி வாங்கினால் பெரியது | தெரியாது | வித்தியாசமான வடிவத்துக்கு |
| குழு | ஆளைப் பொறுத்து | இல்லை | சில நேரம் | நாள் கடந்துவிட்டவருக்கு |
| கடை | வரிசை வரை, சில நேரம் முழுதும் | அரை நாள் | வாசித்தே பார்க்கலாம் | வாங்கப் போகிறவருக்கு |

என் மருமகன் என்ன செய்தான்

இரண்டாம் இரவு என்று ஒன்று இருந்தது அவனுடைய நல்ல காலம். பாட்டு நடக்கும்போது பக்கவாட்டில் நின்று பிரிட்ஜ் தெரிகிற மாதிரி காணொளி எடுக்கச் சொன்னேன். பிரிட்ஜில் குமிழ்ப் பின்கள் இல்லை. தோளில் பல துளைகள், இலை வேலைப்பாடு. அதைப் பார்த்ததும் ஓவேஷன் குடும்பம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஹெலிகாப்டர் செய்யும் நிறுவனத்தை நடத்திய சார்லஸ் காமன் என்ற அமெரிக்கர் 1966-இல் தொடங்கியது அது, முதுகை மரத்தில் செய்யாமல் பிளாஸ்டிக் போன்ற ஒரு கலவையில் கிண்ணம் மாதிரி உருண்டையாகச் செய்தார்கள், பிரிட்ஜின் அடியில் பிக்கப் வைத்து மேடைக்கென்றே விற்ற முன்னோடிகளில் அவர்களும் உண்டு. 1976-இல் அடாமாஸ் என்ற மாடலில் நடுத் துளையை எடுத்துவிட்டுத் தோளில் பல துளைகள் வைத்தார்கள். ஆனால் இதே தோற்றத்தில் விலை அதிகமான அமெரிக்கத் தயாரிப்பும் உண்டு, செலிபிரிட்டி என்ற பெயரில் ஆசிய நாடுகளில் செய்த விலை குறைந்ததும் உண்டு. எது என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் போய்க் கேள் என்றேன். போனான், கேபிள் சுருட்ட உதவினான், கேட்டான். செலிபிரிட்டிதான். பழைய கிட்டார், யாரிடமோ கைமாற்றாக வாங்கியது. உள்ளே வந்த பிரீஆம்ப் எப்போதோ கெட்டுப்போய் வேறு ஒன்று மாட்டியிருக்கிறார், நடுவில் எதிரொலிக்கு ஒரு பெடல். அதாவது என் மருமகனைத் தூங்கவிடாமல் செய்த அந்த ஒலியில் பாதிக்கு மேல் அந்தக் கிட்டாரோடு கடையிலிருந்து வந்ததே இல்லை.

அந்த மனிதர் நல்லவர், கையில் கொடுத்து உட்கார்ந்து வாசித்துப் பார் தம்பி என்றிருக்கிறார். முதுகு உருண்டை என்பதால் தொடையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனதாம். நின்று வாசிக்கும்போது வார் மாட்டினால் பிரச்சினை இல்லை. ஆனால் இவன் வாசிப்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பஜனையில், சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து.

"மாமா, எனக்கு அந்தக் கிட்டாரு வேணுமா, இல்ல அந்தச் சத்தம் வேணுமா?" என்று கேட்டான். சத்தம்தான் என்றால் ஊளை எழுப்பாத மெல்லிய உடல், தட்டையான முதுகு, நல்ல பிக்கப், அப்புறம் மிச்சக் காசில் ஒரு பெடல் என்று தேடலாம் என்றேன். இப்போது அவன் போனில் நான்கு வரி இருக்கிறது: அவர் மாட்டியிருந்த பிரீஆம்பின் பெயர், கம்பியின் பெயர், பெடலின் பெயர், "தரையில் உட்கார்ந்து பார்க்கணும்". சனிக்கிழமை காலை ஈப்போவுக்குப் போகிறான். கேபிளை வீட்டிலிருந்தே எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், கடையில் எந்தக் கிட்டாரைக் கொடுத்தாலும் முதலில் செருகாமல் வாசித்துவிட்டு, அப்புறம் செருகி, எதிரொலி எதுவும் போடாமல் ஒரு தடவை கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.